அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள்

"பாரம் தாங்கலைங்க, இடுப்பே கன்றிப்போகுது. அதான் கொஞ்ச நாளா துப்பாக்கி எடுக்காமலே காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று வனச்சரகர் மங்கையர்க்கரசி தன் கணவனிடம் சொன்னது, அலமாரிக்குள் கிடந்த பெரிய கைத்துப்பாக்கியின் காதில் விழுந்தது.

அதற்குத் திக்கென்றது. அவளுக்கு லீவு என்றல்லவா அது நினைத்துக்கொண்டிருந்தது! மரம் கடத்துகிறவர்கள் திரியும் காட்டில் அவள் வெறும் இடுப்போடு நடந்திருக்கிறாள்.

பக்கத்தில், புதிதாக வந்த சின்னத் துப்பாக்கி படுத்திருந்தது.

"இனி நீதான் போகணும்டா. சோப்பு டப்பா கனம்கூட இல்ல நீ" என்றது பெரியது.

"நான் வேண்டாம்ணே. நேத்துச் சுடுற பயிற்சியில நான் பின்னால உதைச்ச உதையில அவங்க மணிக்கட்டு வீங்கிப்போச்சு. நீங்கன்னா சுடும்போது கையில அசையாம நிப்பீங்களாம். அவங்களே சொன்னாங்க."

பெரியதற்கு அதைக் கேட்க இனிக்கத்தான் செய்தது.

"நிப்பேன்தான் தம்பி. ஆனா, கூடப் போனாத்தானே நிக்கிறதுக்கு? உன் உதை அவங்களுக்குப் போகப்போகப் பழகிடும்."

மறுநாள் காலை அலமாரி திறந்தது. தைலம் மணக்கும் கை ஒன்று உள்ளே வந்து பெரியதைத் தூக்கிப் பார்த்தது. பெருமூச்சோடு திரும்ப வைத்தது. சின்னதைத் தொடவே இல்லை. கதவைச் சாத்தப் போன நேரத்தில், பெரியது தன் கனத்தையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்து, சின்னதை அவள் கைக்குள் தள்ளிவிட்டது.