மூன்றாவது குரல்

‘மூணு’ பதில் சொல்லவில்லை. மேஸ்திரி மோட்டார் ரம்பத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சரிவெங்கும் மூடுபனி. பக்கத்து மரத்தடியில் நிற்பவன்கூடத் தெரியாத காடு. அதனால் மரத்தைச் சாய்க்குமுன் ஒவ்வொருவரையும் எண் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்தபின்தான் ரம்பம் மரத்தைத் தொடும். ‘ஒண்ணு’ கயிற்றுக்காரர். ‘ரெண்டு’ மேல்சரிவில் கிளை கழிக்கும் நெட்டை. இருவரும் சொல்லியாகிவிட்டது.

“மூணு!” மேஸ்திரி மறுபடி கூப்பிட்டார்.

புதிதாக வந்திருந்த பெண் வன அதிகாரி கால் மாற்றி நின்றார். அவருக்குப் பக்கத்தில் கயிற்றுக்காரர் கயிற்று நுனியைப் பல்லில் கடித்தபடி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

“மூணு!” என்று கீழ்ச்சரிவிலிருந்து குரல் வந்தது. ரம்பம் உறுமியது.

வெட்டுவதற்காக மஞ்சள் வளையம் பூசிய மரம், மரக்கன்றுகளை விட்டு விலகிச் சாய்ந்தது. மரம் போன இடத்தில் வெளிச்சம் இறங்கியது. அந்த வெளிச்சத்தில்தான் கன்றுகள் இனி எழ வேண்டும்.

“மூணு என்ன, தூங்குமூஞ்சியா?” என்றார் அதிகாரி. யாரும் சிரிக்கவில்லை.

தேநீர் வேளையில் மேஸ்திரி ரம்பத்தின் சங்கிலியைத் தீட்ட ஒதுங்கினார். கயிற்றுக்காரர் அவருக்குக் குவளையைக் கொண்டுபோனார். நெட்டை பிளாஸ்க்கை மூடினார்.

“மூணுக்கு டீ இல்லையா?” என்று கேட்டார் அதிகாரி.

“அவனுக்கு எதுக்கும்மா? அவன் செத்துட்டான். மேஸ்திரியோட தம்பி.”

அதிகாரியின் குவளை பாதியில் நின்றது.

“போன வருஷம் மரம் கன்னுங்க மேல சாயப் பார்த்துச்சு. மேஸ்திரி கடைசி நேரத்துல திசையை மாத்திட்டார். கூப்பிட்டுப் பார்க்கல. தம்பி அந்தப் பக்கம்தான் நின்னிருந்தான். அதோ முழங்கால் உயரம் நிக்குதே, அந்தக் கன்னுங்கதான்.”

“அப்போ இப்ப பதில் சொன்னது?”

“அவன் குரல் வராம மேஸ்திரி வெட்ட மாட்டார். அதான் கயித்துக்காரர் அவனை மாதிரி குரல் கொடுக்கிறார். அச்சு அசலா அவனேதான்.”

“மேஸ்திரிக்குத் தெரியுமா?”

“அதைப் பத்தி இங்க யாரும் யார்கிட்டயும் மூச்சு விடுறதில்லம்மா. பேசினா அந்தக் குரல் நின்னுடும்.” நெட்டை குரலைத் தாழ்த்தினார். “மேல சொல்லி அவரை நிறுத்திடாதீங்க. ரம்பமும் கையை விட்டுப் போச்சுன்னா மனுஷன் தாங்க மாட்டார்.”

செத்தவனிடம் உத்தரவு கேட்டு மரம் வெட்டுகிறவர் கையில் ரம்பத்தை எப்படி விட்டுவைப்பது? கடைசி மரம் முடிந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று அதிகாரி முடிவு செய்துகொண்டார்.

கடைசி மரத்தில் ‘ஒண்ணு’ வந்தது. ‘ரெண்டு’ வந்தது. ‘மூணு’ வரவில்லை.

மேஸ்திரி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பனி மட்டும் நகர்ந்தது.

“போதும் மேஸ்திரி, வெட்டுங்க,” என்றார் அதிகாரி. “கீழ யாரும் இல்ல. உங்களுக்கே தெரியும்.”

மேஸ்திரி அவரைப் பார்த்தார். பிறகு, அடி வாங்கினவர் போலக் குனிந்து, வெட்டுவதற்கு ரம்பத்தை அடிமரத்தில் வைத்தார்.

“அண்ணே, வெளிய வா!”

கீழ்ச்சரிவிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு மேஸ்திரி ரம்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். மறுகணம் பனிக்குள்ளிருந்து ஆள் கனத்துக்கு ஒரு காய்ந்த கிளை இறங்கி, அவர் நின்ற இடத்தில் குத்தி நின்றது.

மேஸ்திரி கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“அவரே வெட்டட்டும். எப்பவும் போலக் கூப்பிட்டுட்டே வெட்டட்டும்,” என்றார் அதிகாரி.

நெட்டை சறுக்கிக்கொண்டு இறங்கி வந்து கயிற்றுக்காரரின் தோளை உலுக்கினார். “யோவ், நல்ல நேரத்துல குரல் கொடுத்தேய்யா!”

கயிற்றுக்காரர் வெளிறிப்போய் நின்றார்.

“நானா? இத்தனை நாளா நீதான் குரல் கொடுக்கிறதா நான் நினைச்சேன்!”