வெயில் தும்மல்

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். குறை உள்ளவரைக் கறுப்பாக்க வேண்டும்.

அரிய நோய்களை ஆராயப் பல ஊர்களிலிருந்து வந்திருந்த பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பரீட்சை. வேங்கிக்கால் பயிற்சிக்கூடத்தில் நான்தான் கேள்வித்தாள். என்னைக் கேட்டு, என் குடும்பப் படத்தை வரைய வேண்டும். சரியாக வரைந்தால் திங்கட்கிழமையிலிருந்து கிராமம் கிராமமாகப் போய் நோயாளிகளைப் பார்க்கலாம். தப்பானால் கம்ப்யூட்டர் முன்னால்தான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்று டாக்டர் ஜினசேனன் எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எதிரே வந்து உட்கார்ந்தவள் ஸோரமி. மிசோரம் பெண். தமிழ் கற்று ஏழு மாதம்தானாம். 'ழ'வை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டுக் குறை, வெயிலில் இறங்கினால் தும்மல். அப்படி ஒரு பரம்பரைக் குணம் நிஜமாகவே உண்டாம். பழகிப் பார்க்கத் தோது என்று டாக்டரே ஒத்துக்கொண்டார்.

"உங்க அம்மாவோட தம்பிக்கு இருக்குங்களா?"

"மாமாவுக்கா? ஜாஸ்தி."

ஒரு கட்டம் கறுப்பானது.

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கும் அதேதான். பையன் கோபிக்கும்."

இன்னும் இரண்டு கறுப்பு. ஸோரமிக்குக் கை பரபரத்தது.

"சார்! அம்மா பக்கமும் இருக்கு, வீட்டுக்காரர் பக்கமும் இருக்கு!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த ரெண்டு பேரையும் நான் பார்க்கலாமா?"

"வாசல்லதான் நிக்கிறாங்க, ரெண்டு பேரும்."

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். புங்கமரத்தடியில் நின்றிருந்தது ஒரே ஒரு மனிதர். என் தாய்மாமா மணிவேல். என்னைக் கட்டிக்கொண்டவரும் அவர்தான்.

அவர் சரியாக அந்த நேரத்தில் தும்மினார்.

கூடமே சிரித்தது. காஷ்மீர்ப் பையன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். டாக்டர் பேனாவைத் திறந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியவர்கள் பட்டியலை எடுத்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

ஸோரமி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவர் நிழல்ல நிக்கிறாரு."

டாக்டரின் பேனா நின்றது.

நான் எட்டிப் பார்த்தேன். மாமா சட்டைப் பையில் எதையோ அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அத எடுத்துனு இங்க வாங்க!"

வந்தார். உள்ளங்கையில் பொடி டப்பா. அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்து, கல்யாணத்துக்கு முன்பே விட்டுவிட்டதாகச் சொன்ன மூக்குப்பொடி. முப்பத்தெட்டு வருஷமாக, "வெயில் ஒத்துக்கல சரசு" என்று சொல்லிச் சொல்லி வெளியே போய்த் தும்மியவர்.

டாக்டர் ஸோரமியின் பெயரைக் கிராமப் பட்டியலில் எழுதினார்.

அவள் மாமா கட்டத்தையும் வீட்டுக்காரர் கட்டத்தையும் ஒன்றாக்கி, கறுப்பை அழித்தாள். ரப்பர் கோபியின் கட்டத்துக்கு மேலே வந்து நின்றது.

"இதையும் அழிக்கட்டுங்களா?"

"இரும்மா" என்று அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "கோபி, எங்கடா இருக்க? வெயில்லயா?"

"இல்லம்மா, ஆபீஸ்ல. ஏசி ரூம்" என்றான்.

'டிக்'கென்று ஒரு டப்பா மூடும் சத்தம். பிறகு தும்மினான்.

"அது கறுப்பாவே இருக்கட்டும்" என்றேன்.