கறுப்புக் காரில் பச்சைப் பொட்டு

ஏணி உச்சியில் நின்றபடி, காதோரம் வந்த குளவியைச் சின்னப்பன் பிரஷ்ஷை வீசி விரட்டினான். குளவி போய்விட்டது. பிரஷ்ஷில் தோய்த்திருந்த பச்சைப் பெயின்ட்டும் தோளுக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது.

எங்கே என்று திரும்பிப் பார்த்தான். கடல்காற்று அவன் சட்டையை முதுகோடு ஒட்டவைத்து அடித்துக்கொண்டிருந்தது. கீழே, அவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மளிகைக் கடை வாசலில், இன்ஜினீயர் திருநாவுக்கரசின் கறுப்பு அம்பாசடர். அதன் பானெட் முழுக்கப் பச்சைப் பொட்டுகள்.

போன கப்பலில் மெயின்லாண்டிலிருந்து வந்த பெயின்ட் அந்த ஒரே பச்சைதான். அந்தமானின் இந்தப் பாம்பூஃப்ளாட்டில் மாதா கோயில் கதவு, மளிகைக் கடைப் பலகை, மீன்பிடிப் படகு எல்லாமே இப்போது அந்த நிறம். பள்ளிவாசலில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

சின்னப்பனுக்கு ஓர் அறை ஒதுக்கித் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தவர் இந்த இன்ஜினீயர்தான். அதை நம்பி அவன் தூத்துக்குடிக்குத் தந்தி அடித்தான். தந்தியை நம்பி அவன் மனைவி செல்வம்மாள் கைக்குழந்தையோடு கப்பல் ஏறிவிட்டாள். நாளைக் காலையில் வந்து இறங்குவாள். நடுக்கடலில் இருப்பவளிடம் "இப்ப வராதே" என்று சொல்ல எந்தத் தந்தியாலும் முடியாது.

ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தீவில் எந்தப் பக்கம் ஓடினாலும் கடல் முந்திக்கொண்டு வந்து நிற்கும். போதாததற்கு, எதிர்க்கரைச் சாத்தாம் துறையிலிருந்து ஃபெரி கிளம்பிவிட்டது. முந்தாநாள் போர்ட் பிளேர் போன இன்ஜினீயர் அதில்தான் திரும்பி வருகிறார்.

இன்ஜினீயரின் டிரைவர் அப்துல் குத்தூஸ் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்னப்பன் போய் விஷயத்தைச் சொல்லிக் கையைக் கூப்பியதும் அவர் காரைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியில் அவனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, டீயைக் குடித்து முடித்தார்.

"ஸாப் கண்ணுல பட்டா நம்ம கதை முடிஞ்சுது தம்பி," என்றார். பிறகு டிக்கியிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

'உன் கதை' என்று சொல்லாமல் 'நம்ம கதை' என்றாரே! அதற்காகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றுவதென்று சின்னப்பன் முடிவு செய்தான்.

பொட்டுகள் ஈரமாக இருந்திருந்தால் ஒரே துடைப்பில் போயிருக்கும். இவை கெட்டியாகக் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. வெயிலில் கொதிக்கிற கறுப்புத் தகரம் பின்னே என்ன செய்யும் என்று தன் தலையெழுத்தை நொந்துகொண்டான்.

டர்பென்டைன் தொட்டால் பளபளப்பும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து ஒவ்வொரு பொட்டின் மேலும் ஊறவைத்தான். கட்டைவிரல் நகத்துக்குத் துணி சுற்றிப் பதமாகச் சுரண்டினான். மங்கிப்போன இடங்களில் டீக்கடைக்காரரிடம் வாங்கிய பல்பொடியைப் போட்டுத் தேய்த்தான். தன் பல்லை அவன் ஒருநாளும் இத்தனை அக்கறையாகத் தேய்த்ததில்லை.

குத்தூஸ் பாய் கூடவே நின்றார். கோடு விழாமல் தேய்க்கச் சொன்னார். நகம் கிழிந்தபோது கைக்குட்டையைக் கொடுத்தார். வைப்பருக்குக் கீழே ஒன்று, இடது விளக்கு ஓரத்தில் இரண்டு என்று, ஃபெரியைப் பார்த்தபடியே, காரின் பக்கம் திரும்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபெரி வந்தது. இன்ஜினீயர் இறங்கி நேரே காரிடம் வந்தார். கதவைத் திறக்கப் போன கை, கைப்பிடிக்குக் கீழே நின்றது. அங்கே ஒரே ஒரு பச்சைப் பொட்டு.

"யார் பண்ணது இது?"

சின்னப்பன் வாயைத் திறந்தான். குழந்தையும் டிரங்குப் பெட்டியுமாகச் செல்வம்மாள் போக இடமில்லாமல் கப்பல் துறையில் நிற்பது கண்முன் வந்தது.

"தப்பு என்னுதுதான் ஸாப். மாஃப் கர்னா, மன்னிச்சிடுங்க," என்று குத்தூஸ் பாய் முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

இன்ஜினீயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இனி வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, ஆபீஸில் விட்டுவிட்டு நடந்தே போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு சின்னப்பனிடம், நாளைக்குத்தானே கப்பல், அறைச் சாவியை ஆபீஸ் ஸ்டோரில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

சின்னப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்ணெண்ணெய் நாறும் இரண்டு கைகளாலும் குத்தூஸ் பாயின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் "விடு தம்பி, விடு" என்று கையை உருவப் பார்த்தார். அவன் விடுவதாக இல்லை.

"எனக்காக ஏன் பாய் பொய் சொன்னீங்க? அடுத்த பிள்ளைக்கு உங்க பேருதான். சாமியார் என்ன சொன்னாலும் சரி."

மாதா கோயில் சாமியாரையும் இதில் இழுத்துவிட்டதும் குத்தூஸ் பாயால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எங்க பொய் சொன்னேன்? கார்ல இருந்தது, நேத்து எங்க வீட்டு ஜன்னலுக்கு அடிக்கறப்போ நான் தெறிக்க விட்டது. உன் பெயின்ட் பூரா உன் முதுகுலதான் இருக்கு, தம்பி."