கேப்டனின் விசில்

கேப்டனின் விசில் கேட்கும்வரை ஓட்டம் நிற்கக் கூடாது. ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்களுக்கு இதைப் புகட்டியவளே பயிற்சியாளர் வேம்புதான். சொன்னதோடு விட்டாளா? நடுநடுவே தன் விசிலை ஊதிச் சோதிப்பாள். ஏமாந்து நின்றவளுக்குக் கொதிக்கிற மண்ணில் தவளைத் தாவல். "எவ விசில் ஊதினாலும் நின்னுருவியா? டவுன் பஸ்ஸாடி நீ?"

இன்றைக்குக் கேப்டன் போன் பேசிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனார். ஓடுகிறவர்களை மறந்தே போனார். நிழலில் அவருடைய காலி நாற்காலி கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. வேம்பு கூப்பிட்டபோதெல்லாம் அவர் போன் எடுக்கவில்லை. தானாக நிறுத்தினால் வேலைக்கே உலை என்று பொறுத்துப் பார்த்தாள். அப்போதுதான் ஓடுகிறவர்களில் ஒருத்தியான ஜெபராணியின் முகத்தைக் கவனித்தாள். சிவந்து கிடந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. வெயில் தாக்கிவிட்டது, இனி உயிருக்கே ஆபத்து என்று வேம்புவுக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும், சனியன். மூச்சையெல்லாம் திரட்டி ஊதினாள்.

ஒருத்தியும் நிற்கவில்லை.

"நில்லுங்கடி! நெசமாத்தான் சொல்றேன்!"

வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. தள்ளாடியபடி கடந்த ஜெபராணி, வெடித்த உதட்டோடு சிரித்தாள். "இன்னிக்கு ஏமாற மாட்டோம், மேடம்!"

அவ்வளவு பெரிய மைதானத்தில் நின்றுகொண்டிருந்தவள் வேம்பு ஒருத்திதான். ஜெபராணியைப் பிடித்து நிறுத்த அவளும் ஓடத் தொடங்கினாள். பின்னால் பூட்ஸ் சத்தம் நெருங்குவதைக் கேட்டு, ஜெபராணி இன்னும் வேகமெடுத்தாள்.