அந்த வரியில் யார் பேர்?

சோதனை முடிவுகளைக் காட்டும் பலகை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

நேற்று வரைக்கும் பச்சைப் பசேலென்று இருந்த திரை. புதுசு மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். அதே சிவப்பு.

‘புதுசு’ என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பேர். சேர்ந்து மாசக்கணக்கில் ஆகியும் அந்தப் பேர் போகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை. உண்டா இல்லையா என்று இன்று சாயங்காலம் மேனேஜர் சொல்லப் போகிறார். போன கம்பெனி கைவிட்டபோது வீட்டில் சும்மா கிடந்த நாட்களை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

அவர்கள் தயாரிப்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான சாஃப்ட்வேர். எந்த வரியை எப்போது யார் மாற்றினார்கள் என்று பேரோடு பதிந்து வைக்கும். அதைச் சோதித்துப் பார்க்கும் ஸ்கிரிப்டுகளை, அதாவது சின்னச் சின்ன புரோகிராம்களை, சீராக்குவது புதுசின் வேலை.

பழைய ஸ்கிரிப்டுகளில் ஒரு கோளாறு. சாஃப்ட்வேர் தருகிற விடையை டூல் என்கிற இன்னொரு துணைப் புரோகிராம் வாங்கி வடிகட்டும். வடிகட்டி முடிந்ததா என்று மட்டும்தான் ஸ்கிரிப்ட் பார்க்கும். சாஃப்ட்வேர் பாதியில் படுத்துவிட்டாலும் ‘பாஸ்’ என்று பச்சை காட்டும்.

புதுசு இரண்டையும் பிரித்து, தனித்தனியாகச் சோதிக்கும்படி எழுதினாள். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் பழைய டூல்களோடும் ஒத்துப்போகிற மாதிரி மாற்றினாள். சரிபார்த்து ஏற்றச் சொல்லி நேற்று சீனியருக்கு அனுப்பினாள்.

காலையில் இந்தச் சிவப்பு. பழைய கம்ப்யூட்டர்கள் ஒன்றில்கூட சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடவில்லை. இத்தனை காலமும் ஓடியதே இல்லை. இன்றைக்குத்தான் வெளியில் வந்திருக்கிறது.

“யாரும்மா கை வச்சது?” பக்கத்து சீட் அக்கா கிசுகிசுத்தாள். “நாளைக்குப் புது வெர்ஷன் வெளியே போகணும். மேனேஜர் வந்துட்டிருக்காரு. எவன் பேரு இருக்கோ அவன் இன்னிக்கே காலின்னு போன்லயே குதிச்சாராம்.”

புதுசு தான் எழுதிய வரிகளின் சரித்திரத்தைத் திறந்தாள்.

அவள் பேர் இல்லை. கடுகு சாரின் பேர் இருந்தது.

கடுகு சார்தான் அந்த சீனியர். தொட்டால் வெடிப்பார். அதனால் அந்தப் பேர். அவள் மெல்ல அவர் மேஜைப் பக்கம் போனாள்.

“சார், அது நான் எழுதினது.”

“தெரியும்.”

“உங்க பேர் இருக்கு.”

“இருக்கட்டுமே.”

“ஏத்தின பிறகு பேரை மாத்த முடியாதே, சார்.”

“அதனாலதான் ஏத்தறதுக்கு முன்னாடியே மாத்தினேன். போய் வேலையைப் பாரு.”

பிழைத்தோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே வயிறு எரிந்தது. இத்தனை மாசத்தில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை. அதையும் சுருட்டிக்கொண்டாரே மனுஷன். சாயங்காலம் எதைக் காட்டி வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்பது?

அம்மா போன் செய்தாள். “கண்ணு, சித்தி கேட்டுட்டே இருக்கா. வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு சொல்லிடட்டா?”

“சொல்லாதம்மா. யாருக்கும் எதுவும் சொல்லாத.”

மேனேஜர் நுழைந்ததுமே சத்தம் போட்டார்.

“நல்லா இருந்த பலகையை நாசம் பண்ணினது யாரு? பேரைப் பெரிய திரையில போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும். ஆளை அனுப்பிட்டுப் பழையபடி மாத்திடுவோம்.”

திரையில் கடுகின் பேர் வந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்களா?”

“நான்தான் சார்.” கடுகு எழுந்து நின்றார். “பழைய ஸ்கிரிப்ட் பொய் சொல்லிட்டு இருந்துச்சு. திருத்தினேன். பழையபடிதான் வேணும்னா சொல்லுங்க, இப்பவே எல்லார் முன்னாடியும் மாத்திடறேன்.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வேணாம், வேணாம். நல்ல வேலைதான். வெர்ஷனைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோம். கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன். எல்லாரும் சாருக்கு ஒரு கை தட்டுங்க.”

எல்லாரும் தட்டினார்கள். புதுசும் தட்டினாள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். கதவைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“உன் வேலை நிரந்தரம்மா,” என்றார் மேனேஜர், கையெழுத்துப் போட்டபடியே. “எதையும் கிளறாத, அடக்கமான பொண்ணு நீ. உன்னை மாதிரி ஆளுங்கதான் எனக்கு வேணும்.”

அவள் நேராகக் கடுகிடம் வந்தாள். வேலை கிடைத்த தைரியம்.

“என் வேலைக்கு நீங்க கை தட்டு வாங்கினீங்களே, கூசலையா சார்?”

கடுகு வெடிக்கவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பழைய ஸ்கிரிப்டை எழுதினது நம்ம மேனேஜர். சாஃப்ட்வேர் ஓடலைன்னு தெரிஞ்சே, பச்சை காட்டறதுக்குன்னே எழுதினாரு. அப்பல்லாம் பேர் பதியற வசதியே நம்மகிட்ட இல்ல. பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அவள் மேனேஜர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்கு அந்தத் திரையில உன் பேர் வந்திருந்தா உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. என்னை அனுப்பத்தான்மா அவருக்குப் பயம்.”