ஒரே மேசை

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும்.

ஆசுபத்திரி வராந்தாவில், அம்மாவுக்குப் பக்கத்து ஸ்ட்ரெச்சரிலிருந்து தண்ணீர் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். வழுக்கைத் தலை. நனைந்த பனியன். ஒரு காலில் மட்டும் ஷூ. ஏரிக்கரையில் விழுந்து கிடந்தார் என்று ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன ஆள்.

முகம் தெரியாத முகம்தான். குரல் அப்படியில்லை. தேர்தல் வந்தால் ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கியில் தெருத்தெருவாக வரும் குரல். தாய்மார்களே என்று இழுக்கும் குரல்.

சுவரொட்டிகளில் அவருக்குக் கருகருவென்று முடி இருக்கும்.



"நான் எம்.எல்.ஏ.," என்றார் அவர். மூச்சு பாதியில் அறுந்தது. "டாக்டரக் கூப்புடு."

வார்டு ஊழியர் சிரித்தார். "அப்புடீங்களா? நானுங்கூட கலெக்டருதானுங்க, லீவுல வந்திருக்கறன். காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா? கூட ஆரு வந்திருக்கறாங்க?"

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அட்டை இல்லீன்னா பணம் கட்டோணும். ரெண்டும் இல்லீன்னா ஆராச்சும் வர்ற வரைக்கும் இப்புடியே இருக்கோணுமுங்க."

அவளுடைய அம்மா விடிந்ததிலிருந்து இப்படியேதான் இருக்கிறாள். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அட்டை இருக்கிறது. சென்னைக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அனுமதி வரவில்லை. வந்தால்தான் உள்ளே எடுப்பார்கள்.

முன்பெல்லாம் உயிருக்கு ஆபத்தென்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுமதி கேட்பார்களாம். போன கூட்டத்தொடரில் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். போலிகளைத் தடுக்க.

திருத்தத்தை ஆதரித்துப் பேசியவர் இவர். டிவியில் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்டார். அவையில் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

இப்போது அவர் அவளைப் பார்த்தார்.

"அம்மணி, உனக்கு என்னையத் தெரியுமல்ல? அவங்கிட்டச் சொல்லு."

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும்.

ஆனால் ஆஞ்சியோ அறையில் ஒரே மேசை. ஒரே டாக்டர். அடுத்தது உங்கம்மாதான் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

சொன்னால், அடுத்தது அம்மா இல்லை.

அவள் தலையை ஆட்டினாள். தெரியாது என்று.

ஆட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

அவர் திட்டவில்லை.

"அனுமதி வர எத்தன நேரமாகும்?" என்று கேட்டார். அவளிடமே கேட்டார்.

அவருக்குத் தெரியும் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"ஏனுங்க தம்பி." அம்மாவின் குரல். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "அவரு பொய் சொல்லுலீங்க. நம்ம எம்.எல்.ஏ.தானுங்க. ஓட்டுக் கேக்க வந்தப்ப எங்கூட்டுல மோரு குடிச்சாரு."

"அம்மா, பேசாத."

"பேசாம இருந்தா மனுசன் செத்துப் போயிருவாரு கண்ணு."

ஊழியர் குனிந்தார். படுத்திருந்தவருடைய நெற்றிக்கு மேல் தன் கையைக் குடைபோல வைத்துப் பார்த்தார். முடி இருந்தால் எப்படியிருக்கும் என்று.

டாக்டரைக் கூவிக்கொண்டே உள்ளே பாய்ந்தார்.

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

யாரும் அட்டை கேட்கவில்லை. சென்னையைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட ஆள் தேடவில்லை. வழியை மறித்து நின்ற அம்மாவின் ஸ்ட்ரெச்சரை யாரோ காலால் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினார்கள்.

கடந்து போகும்போது அவர் அம்மாவைப் பார்த்தார். உதடு அசைந்தது. இந்தம்மாவையும் கவனியுங்கள் என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா, டாக்டருக எப்புடி ஓடியாறாங்கன்னு," என்றாள் அம்மா. குரலில் பெருமை. "நல்ல ஆசுபத்திரிதான்."

அவளால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்போன் அதிர்ந்தது. 'தங்கள் சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்டது. விரைவில் நலம்பெற வாழ்த்துகள்.'

நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் படித்தார். அவளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

"இப்பத்தானம்மா அவரு உள்ள போயிருக்காரு."

"வேற ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

"அதுக்குப் புதுசா அனுமதி கேக்கோணும்."

திரும்பி வந்தாள். அம்மாவின் நெற்றி சில்லென்றிருந்தது. வியர்வையைத் துடைத்தாள். மறுபடி வியர்த்தது.

"என்ன கண்ணு?"

"அனுமதி வந்துருச்சும்மா."

"அப்ப அவர எறக்கிட்டாங்களா? நல்லாயிருக்கறாரா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எறக்கிட்டாங்கம்மா. நல்லாயிருக்கறாரு. அடுத்தது நீதான்."

அம்மா சிரித்தாள். நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

"கண்ண மூடாதம்மா," என்றாள் அவள்.

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.