தவாரு என்று கூப்பிட்டால்

பதினேழாவது ஊரின் பெயரை முதல்வர் கூப்பிட்டு முடித்தபோது, மேடையோரம் நின்ற ஜோஸ்லின் தன் கையிலிருந்த உரையின் நகலைப் பார்த்தாள்.

அடுத்தது தவாரு. வில்லங்கம் அங்கேதான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், நடுப்பகல். மாகாண அலுவலகத்துக்கு முன்னால் மைதானம் கொள்ளாத ஜனம். பெய்வதா வேண்டாமா என்று வானம் பேரம் பேசிக்கொண்டிருந்தது.

ஆண்டு முழுக்கச் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் முதல்வர் எலிசன் அரை மணி நேரத்தில் ஒப்பேற்றிவிட்டார். படகுத்துறை, பள்ளிக்கூடக் கூரை, இன்னும் வந்து சேராத டாக்டர். அதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? ஜனம் காத்திருந்தது ஊர்ப் பெயருக்கு.

கிழக்கிலிருந்து மேற்காக ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்வது இங்கே வழக்கம். கூப்பிட்டதும் அந்த ஊர்க்காரன் ஒருவன், தன் ஜனம் கூடி நிற்கும் இடத்திலிருந்தே, "இருக்கோம்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால்தான் அந்த ஊருக்கு வருடம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச்சில் ஒரு விடியற்காலை, மலை சரிந்து தவாருவை மூடியது. தோண்டப் போனவர்கள் நான்காம் நாள் மண்வெட்டியைக் கீழே போட்டு, ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

தவாருக்காரர்கள் எப்போதும் நிற்கும் சீமைப்பலா மரத்தடி இன்று காலி. இத்தனை நெரிசலிலும் அந்த நிழலில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

ஜோஸ்லின் அக்டோபரில்தான் தலைநகர் ஹோனியாராவிலிருந்து செயலாளராக மாற்றலாகி வந்தவள். இல்லாத ஊருக்கு எதற்கு வாழ்த்து என்று, உரையைத் தட்டச்சு செய்தபோதே பெயரை எடுத்துவிட்டாள். முதல்வர் சேர்த்து அனுப்பினார். கைத்தவறலாக இருக்கும் என்று மறுபடி எடுத்தாள். மறுபடி சேர்த்தார்.

அலுவலகக் குமாஸ்தா ஹென்ஸ்லி பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விஷயத்தை விளக்கினான்.

"கூப்புட்டா யாராவது பதில் சொல்லித்தாம்மா ஆகணும். உசுரோட இருக்கறவன் சொல்லலைன்னா, இல்லாதவன் சொல்லிருவான். சொன்னவன் பந்திக்கும் வந்து குந்துவான்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

இன்று காலை அமைச்சர்கள் கூட்டமாக வந்து முதல்வரின் அறையில் பேரத்தைத் தொடங்கினார்கள். பெயருக்குப் பதிலாக ஒரு நிமிடம் மௌனம் வைத்துக்கொள்ளலாமே என்றார் ஒருவர். பக்கத்து ஊரோடு சேர்த்து ஒரே மூச்சில் கூப்பிட்டுவிடலாம், பதிலை அவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர், வயதில் இளையவர்.

முதல்வர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு ஊரைச் சேத்துக் குடுக்க இது என்ன கிழங்குக் கூறா, தம்பி?"

அதோடு பேரக் கடை மூடிவிட்டது.

அடுத்த வருடம் தேர்தல். தவாருவில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் என்று ஐந்தாறு ஊரில் சொந்தம் இருக்கிறது. செத்தவன் பெயரைச் சொல்லி இருப்பவன் வாக்கை வாங்கப் பார்க்கிறார், கெட்டிக்காரர்தான் என்று ஜோஸ்லின் நினைத்துக்கொண்டாள்.

"தவாரு," என்றார் முதல்வர்.

ஒலிபெருக்கி அந்தப் பெயரைக் கடல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தது.

தாய்மார்கள் கைக்குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். பன்றி வேகும் கல்லடுப்பின் பக்கம் இருந்தவர்கள் மரத்துக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார்கள்.

ஜோஸ்லின் மரத்தடியையே பார்த்தாள். ஒரு இலை அசையவில்லை. அசைந்துவிடக் கூடாதே என்று தான் வேண்டிக்கொண்டிருப்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

முதல்வர் தாளை மேசைமேல் வைத்தார். செருப்பைக் கழற்றினார். படியிறங்கி, ஜனம் ஒதுங்கிக் கொடுத்த வழியில் நடந்து, சீமைப்பலா மரத்தடிக்குப் போய், மேடையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இருக்கோம்."

மைக் இல்லாத குரல், மேடை வரை பாதிதான் வந்து சேர்ந்தது.

ஜோஸ்லின் ஹென்ஸ்லியின் பக்கம் திரும்பினாள். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அவரு ஊரும்மா அது. அன்னிக்கு மீட்டிங்குன்னு அவரு ஒருத்தர் மட்டும் முந்தின நாளே இங்க வந்துட்டாரு."

ஒன்பது மாதமாக அவர் முன்னால் யாரும் வாய் திறக்காத பேச்சு. அதனால் அவளுக்கு எட்டாமலே போன பேச்சு.

அவர் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. வாழ்த்துக் கேட்க வந்த மற்ற எல்லோரையும் போல, கைகட்டி மேடையைப் பார்த்து நின்றார்.

இன்னும் இரண்டு ஊர் பாக்கி. ஜோஸ்லின் மைக்குக்குப் போய்க் கூப்பிட்டாள். இரண்டு ஊரும் பதில் சொன்னது.

பிறகு கடைசி வரி.

அது சென்ற ஆண்டு உரையிலிருந்து அவள் அப்படியே எடுத்துப் போட்டது. பிள்ளைகளின் படிப்புக்காக அவர் குடும்பம் தலைநகரில் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். காற்புள்ளியைக்கூட விடாமல் திருத்திய மனிதர், இந்த வரியை மட்டும் தொடவில்லை.

விட்டுவிடட்டுமா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் காத்திருந்தார்.

"என் மனைவி நெஸ்டா, பிள்ளைகள் ஆல்வின், கிளரிட்டா, சின்னவன் பென்னி, இவர்கள் சார்பிலும் என் சார்பிலும், உங்கள் எல்லோருக்கும்..."

ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஒருமுறை தலையசைத்தார், தன் ஆட்கள் எல்லோரும் படகில் ஏறிவிட்டார்களா என்று சரிபார்ப்பவரைப் போல.